பெயர்க்காரணம் எழுத ஒரு பலகை

“பேர் எழுதியாச்சு சார். கீழ அர்த்தம் என்ன எழுதணும்?” என்று மூன்றாவது தடவையாகக் கேட்டார் பெயிண்டர்.

குமாஸ்தாவுக்குத் தெரிந்தால்தானே சொல்வார்! தெருப் பலகைகளில் பெயருக்குக் கீழே பெயர்க்காரணமும் இருக்க வேண்டும் என்பது ஆணையரின் உத்தரவு. ஐம்பத்திரண்டு தெருக்கள் முடிந்து இது ஒன்றுதான் மிச்சம். வெள்ளிக்கிழமைக்குள் முடித்தால் தலைமைக் குமாஸ்தா பதவி. இல்லாவிட்டால் பதினெட்டு வருடமாக ஆடும் அதே நாற்காலி.

அந்தப் பெயரில் இரண்டு ஊர்கள், ஒரு குன்று, ஒரு ரயில் நிலையம், குமாஸ்தாவின் மாமனார் எல்லாம் உண்டு. (பெயரை இங்கே எழுதினால் அதைத் தாங்கியவர்கள் நம் வீட்டுக்கும் வந்துவிடுவார்கள்; வேண்டாம்.)

“சார், அந்தப் பேரைப் பத்தி ஒரு விஷயம்...” என்று பெயிண்டர் தலையைச் சொறிந்தார்.

“நீங்க பிரஷ்ஷைப் பாருங்க. ஆராய்ச்சியை நான் பார்த்துக்கறேன்.”

வீட்டில் மாமனார் சிரித்தார். “இதுல என்ன ஆராய்ச்சி மாப்பிள்ளை? அது எங்க கொள்ளுத்தாத்தா பேரு. அதைத்தானே எனக்கும் வச்சாங்க!”

“அவருக்கும் அந்தத் தெருவுக்கும் என்ன மாமா சம்பந்தம்?”

“ஒரு தடவையாவது அந்த வழியா நடந்திருக்க மாட்டாரா?”

சமையலறை வாசலில் மனைவி வந்து நின்றாள். அவள் பார்வையின் அர்த்தத்துக்கு எந்த ஆராய்ச்சியும் தேவைப்படவில்லை.

மறுநாள் பலகையில் ‘ஒரு வள்ளலின் பெயர்’ என்று ஏறியது. மதியத்துக்குள் அதே பெயர் கொண்ட பதினோரு பேர் ஆபீசுக்கு வந்தார்கள், ஆளுக்கொரு கொள்ளுத்தாத்தாவுடன். ஒருவர் நடுத்தெருவில் சிலைக்கே இடம் அளந்துவிட்டு வந்திருந்தார்.

மனிதர் என்றால்தானே வம்சம் வரும்? மண்ணுக்கு ஏது பேரன்? குமாஸ்தா நூலகத்தில் உட்கார்ந்து, இடப்பெயர்கள் பெரும்பாலும் நிலத்தின் அமைப்பிலிருந்தே பிறக்கின்றன என்று கண்டுபிடித்தார். அதே பெயரில்தான் குன்றே இருக்கிறதே! பெயிண்டர் பழைய வரியின்மேல் வெள்ளை அடித்து, காயவைத்து, புதுப் பிரஷ் ஓடுகிறதா என்று மூலையில் ஒரு கோடு இழுத்துப் பார்த்துவிட்டு, ‘மேடான இடம்’ என்று எழுதினார்.

சாயங்காலம் தெருக்காரர்கள் வாளிகளோடு வந்தார்கள்.

“மேடாமே! அப்ப மழைக்கு எங்க வீட்டுக்குள்ள வர்ற தண்ணி என்ன, படியேறியா வருது?” என்றார் ஓர் அம்மாள்.

நியாயமான கேள்வி. குமாஸ்தா மேட்டை அழித்து, ‘நீர் தங்கும் பள்ளம்’ என்று மாற்றச் சொன்னார்.

“சார், நான் சொல்ல வந்தது...”

“எழுதுங்க!”

மறுநாள் ஒரு வீட்டுக்காரர் மூச்சிரைக்க ஓடி வந்தார். “குடிவர வந்தவன் சாமானை இறக்கக்கூட இல்லை சார். போர்டைப் படிச்சான், வண்டியைத் திருப்பிட்டான்!”

வீட்டிலும் புயல். “என் பேருக்கு அர்த்தம் பள்ளமா?” என்று மாமனார் தட்டைத் தள்ளிவைத்தார்.

“எங்கப்பா பள்ளமா?” என்றாள் மனைவி. குமாஸ்தாவுக்கு அன்றிரவு தட்டே வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஆணையர் நேரில் வந்தார். பதினோரு வாரிசுகள், வாளிக்காரர்கள், மாமனார் எல்லோரும் கூடியிருந்தார்கள். பலகையில் புது வரி பளபளத்தது: ‘காரணம் பழமையில் மறைந்துவிட்டது.’

தூக்கிப் பிடித்திருந்த வாளிகள் ஒவ்வொன்றாகத் தரைக்கு இறங்கின. மறைந்துபோன காரணத்தோடு யார் சண்டை போடுவது?

“பிரமாதம்! எவ்வளவு பழமை இருக்கும்?” என்றார் ஆணையர்.

குமாஸ்தாவுக்கு ஆடாத நாற்காலி கண்ணில் தெரிந்தது. “குறைஞ்சது ஆயிரம் வருஷம் சார்.”

“தலைமைக் குமாஸ்தான்னா இப்படி ஆழமாப் போகணும்!” ஆணையர் அவர் தோளைத் தட்டிவிட்டு, டப்பாக்களை மூடிக்கொண்டிருந்தவரிடம் திரும்பினார். “என்ன பெயிண்டர், நீங்க என்ன சொல்றீங்க?”

ஒரு வாரத்தில் முதல்முறையாக அவரிடம் ஒருவர் கேட்டிருந்தார். பெயிண்டர் கையைத் துடைத்துக்கொண்டார்.

“அது என் பேருங்க. முப்பது வருஷத்துக்கு முன்னாடி வெறும் போர்டைக் குடுத்து, தெருப் பேரைப் பின்னாடி சொல்றோம்னாங்க. பிரஷ் ஓடுதான்னு என் பேரை எழுதிப் பார்த்தேன், ஆபீஸ்லேருந்து இன்னும் யாரும் வந்து சொல்லலைங்க.”