டிக்கியில் மாமனார்

வீடியோ பார்த்து கார் ரிப்பேர் கற்றுக்கொண்டவர்களில் இரண்டு வகை உண்டு. வண்டி ஓடுகிறவரை தன்னை மெக்கானிக் என்று நம்புகிறவர்கள் ஒரு வகை. வண்டி நடுரோட்டில் நின்ற பிறகும் நம்புகிறவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது வகையில் முன்வரிசை.

என் தொழில் அப்படி. ஒரகடம் பக்கம் ஒரு தனியார் கம்பெனியில் பர்சேஸ் பிரிவில் இருக்கிறேன். போல்ட்டு நட்டிலிருந்து கேன்டீன் துவரம்பருப்பு வரை எதையும் சொன்ன விலைக்கு வாங்காமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அப்படிப்பட்டவன் சர்வீஸ் சென்டரில் நீட்டுகிற பில்லை வாயை மூடிக்கொண்டு கட்டுவானா? ஒரே ஒரு பில் கட்டினேன். அதோடு அவர்களைத் தலைமுழுகிவிட்டு, என் பழைய செடான் காரை முடிச்சூர் வீட்டு வாசலில் ஜாக்கி போட்டுத் தூக்கினேன். பிரேக் பேட், ஏர் ஃபில்டர், வைப்பர், சைடு மிரர் எல்லாவற்றையும் நானே மாற்றினேன். எல்லாம் படப்பை ரோட்டில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலிருந்து வந்த லோக்கல் அயிட்டங்கள். (சும்மா சொல்லக்கூடாது, முக்கால்வாசி நன்றாகவே உழைத்தன. கோளாறு பார்ட்ஸில் இல்லை, மாட்டிய கையில். இந்த வரியை என் மனைவி படித்துவிடக் கூடாது.)

என் கைவண்ணத்தை வெளிப்படையாக நம்பாத ஒரே மனிதர் என் மாமனார். தபால் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். யாரையும் கடிந்து ஒரு வார்த்தை சொல்லமாட்டார். என் காரில் ஏறவும் மாட்டார். ஒரே ஒரு முறை ஏறினார். மேற்கு தாம்பரம் மார்க்கெட் தாண்டி ஒரு ஸ்பீட் பிரேக்கரில் டிக்கி தானாகத் திறந்துகொண்டு, அவர் ஆசையாக வாங்கிய அரிசி மூட்டை ரோட்டில் விழுந்து வாயைப் பிளந்தது. அதற்குப் பிறகு எங்கே கூப்பிட்டாலும், "நீங்க முன்னாடி போங்க மாப்ள, நான் பஸ்ல வந்துடறேன்" என்பார். எங்களுக்கு முன்னால் வந்தும் சேர்ந்துவிடுவார். சொந்தக்காரர்கள் கல்யாண மண்டப வாசலில் நின்று இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். என் மனைவி பிரேமாவுக்கு முகம் சுண்டிப்போகும்.

ரோஷம் வந்து அந்த டிக்கி பூட்டை மாற்றக் கிளம்பினேன்.

"கம்பெனி அயிட்டம் வேணுமா சார், லோக்கல் போதுமா?" என்றார் கடைக்காரர்.

"லோக்கல் செட் ஆகுமா?"

"உங்க வண்டிக்குன்னு பண்ணது இல்ல. கொஞ்சம் ராவினா செட் ஆயிடும்."

ராவினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அரத்தை வைத்துக்கொண்டு ராவினேன். பூட்டு உட்கார்ந்துவிட்டது; ஆனால் வெளியே சாவி போடுகிற துவாரத்தோடு அதற்கு ஒத்துப்போகவில்லை. டிரைவர் சீட் பக்கத்தில் ஒரு லிவர் இருக்கிறது, அதை இழுத்தால் கேபிள் டிக்கியைத் திறந்துவிடப் போகிறது, அப்புறம் சாவி எதற்கு என்று அந்த இணைப்பையே கழற்றி எறிந்தேன். கேபிளும் நைந்திருந்தது. பழைய ஸ்கூட்டரின் கிளட்ச் கேபிளை வெட்டி அதன் இடத்தில் மாட்டினேன். டிக்கியைச் சாத்தினால் பேங்க் லாக்கர் மாதிரி சாத்திக்கொண்டது. "இனிமே எந்த ஸ்பீட் பிரேக்கர்லயும் தொறக்காது பாரு" என்று பிரேமாவிடம் மார்தட்டினேன். அந்த வாக்கு மட்டும் அப்படியே பலித்தது.

அந்த மழைக்காலத்தில் மாமனார் படுத்தார். நுரையீரல். முதலில் இருமல் என்றார்கள், பிறகு சளி என்றார்கள், பிறகு எங்களை உட்காரவைத்துப் பேசினார்கள். கடைசி நாட்களில் வாயில் குழாய். பேச்சு இல்லை. கண்ணை மட்டும் திறந்து யார் வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பார். ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் அதுவும் நின்றுவிட்டது. ஆம்புலன்ஸ், சர்டிபிகேட், ஐஸ் பெட்டி, மாலை, பந்தல் என்று நான் ஓடிக்கொண்டே இருந்தேன். பர்சேஸ்காரன் என்பதால் எல்லாவற்றையும் என் தலையில் கட்டினார்கள். எனக்கு அழ நேரமில்லை. அன்று மாலையே தகனம் முடிந்தது.

மறுநாள் காலை அஸ்தியை வாங்கிக்கொண்டு போய்க் கோவளம் கடலில் கரைக்க வேண்டும். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ராகு காலம், அதற்குள் முடித்தே ஆகவேண்டும் என்று ஐயர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"டாக்ஸி சொல்லிடறேன்கா" என்றான் சதீஷ். பிரேமாவின் தம்பி, கொள்ளி வைத்தவன்.

"வேணாம். நம்ம வண்டியிலயே போகலாம்."

சதீஷ் என்னைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். "அக்கா, அப்பாவே இந்த வண்டியில..."

"தெரியும்டா. அதனாலதான் சொல்றேன். கடைசியா ஒரு தடவையாவது அவர் என் வீட்டு வண்டியில வரட்டும். நாளைக்கு ஒருத்தரும் இதைச் சொல்லிச் சிரிக்கக் கூடாது."

கூடம் நிறைய சொந்தக்காரர்கள். என்னை நம்பி அத்தனை பேர் முன்னால் அவள் பேசிவிட்டாளே என்று, வாசலுக்குப் போய் நான்கு டயரையும் அமுக்கிப் பார்த்துவிட்டு வந்தேன்.

அத்தையும், அதாவது மாமியாரும், நானும் வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். பெரியவர்கள் தடுத்தார்கள். "சுடுகாட்டுக்குத்தான் பொம்பளைங்க வரக்கூடாதுன்னீங்க. கடலுக்குமா?" என்று கேட்டுவிட்டுக் காரில் போய் உட்கார்ந்துகொண்டார்.

சதீஷ் மஞ்சள் துணி கட்டிய மண்பானையை வாங்கி வந்தான். அதைப் பார்த்ததும் அத்தை, "இத்தனைதானா? அவ்ளோ பெரிய மனுசன் இத்தனைதானா?" என்று அலறினார். பிரேமா என் காதோரம் வந்து, "அம்மா கண்ணுல படாம எங்கயாவது வைங்க" என்றாள். டிக்கியைத் திறந்தேன். ஸ்டெப்னி டயரின் நடுப்பள்ளத்தில் பழைய போர்வையை மெத்தைபோல மடித்துப் பானையை உட்காரவைத்தேன். அசையாமல் இருக்க என் டூல் பாக்ஸை அண்டக் கொடுத்தேன். டிக்கியைச் சாத்தினேன்.

வண்டலூர் தாண்டி, கேளம்பாக்கம் தாண்டி, வழியெல்லாம் ஸ்பீட் பிரேக்கர். ஒன்றிலும் டிக்கி திறக்கவில்லை. கண்ணாடியில் பிரேமாவின் முகத்தைப் பார்த்தேன், கவனித்தாளா என்று. (அஸ்தி கொண்டு போகிறவன் பூட்டை நினைத்துப் பெருமைப்படலாமா? பட்டேன்.) எட்டு மணிக்கெல்லாம் கோவளத்தில் இருந்தோம். ஐயர் தயாராக நின்றார்.

லிவரை இழுத்தேன். சுலபமாக வந்தது. ரொம்பவே சுலபமாக வந்தது. பின்னாடியே அறுந்துபோன கேபிளும் வந்தது.

"சாவி போட்டுத் தொறங்க அத்தான்" என்றான் சதீஷ்.

"சாவிக்குக் கனெக்‌ஷன் இல்லை."

"ஏன்?"



டிக்கியைத் தட்டினேன், குத்தினேன், அதன் மேல் ஏறி உட்கார்ந்து குதித்தேன். பேங்க் லாக்கர் அசையவில்லை. சதீஷ் ஒரு கல்லை எடுத்து வந்தான். பின் கண்ணாடியை உடைத்தாலும் டிக்கிக்குள் போக வழியில்லை என்று அவனுக்கு விளக்கினேன். பின் சீட்டைக் கழற்றினால்தான் வழி. கழற்ற ஸ்பேனர் வேண்டும். ஸ்பேனர் டூல் பாக்ஸில். டூல் பாக்ஸ் மாமனார் பக்கத்தில்.

"சார், நாழியாறது" என்றார் ஐயர்.

மீன் ஏற்ற வந்த லோடு ஆட்டோ ஒன்று பக்கத்தில் நின்றது. ஓடிப்போய் ஸ்பேனர் கேட்டேன். ஆட்டோக்காரர் எடுத்துக்கொண்டே, "இன்னா சார், டிக்கி தொறக்கலியா? உள்ள இன்னா கீது?" என்று கேட்டார்.

நான் இருந்த பதற்றத்தில் உள்ளதைச் சொன்னேன்.

"என் மாமனார்."

அவர் ஸ்பேனரை உள்ளே வைத்தார். என்னைப் பார்த்தார். மொட்டைத்தலையோடு டிக்கியை உதைத்துக்கொண்டிருந்த சதீஷைப் பார்த்தார். வண்டியை ஸ்டார்ட் செய்தார். "சார், நான் புள்ளகுட்டிக்காரன். எனக்கு எதுக்கு இந்த பேஜாரு" என்று கியரைப் போட்டவரை பிரேமா ஓடிவந்து மறித்தாள். "அண்ணா, அண்ணா, அஸ்திண்ணா! எங்க அப்பா அஸ்தி! கரைக்க வந்தோம்ணா!" என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை வெடித்துவிட்டது. ஆட்டோக்காரர் இறங்கி வந்து ஸ்பேனர் மூட்டையையே என் கையில் கொடுத்துவிட்டு, "அத மொதல்ல சொல்லக் கூடாதா சார், உசுரே பூட்ச்சு" என்றார்.

அத்தையை இறக்கி ஒரு சவுக்கு மரத்தடியில் உட்காரவைத்தோம். நான் சீட்டைக் கழற்ற ஆரம்பித்தேன். பிரேமா காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாக, தனக்குத்தானே சொல்வதுபோல, "பஸ்ல வரேன்னு அப்பா சரியாத்தான் சொன்னாரு" என்றாள். எனக்கு அந்த மணலிலேயே புதைந்துவிடலாம் போலிருந்தது.

சீட் வந்தது. பின்னால் இரும்புச் சட்டத்துக்கு நடுவே ஒரு சந்து. சதீஷ் கொள்ளி வைத்தவன், அவனை நுழையவிடக் கூடாது என்றார் ஐயர். (எந்தச் சாஸ்திரத்தில் இது இருக்கிறதோ!) நானே நுழைந்தேன். தலை போயிற்று, தோள் போயிற்று, இடுப்பு போகவில்லை. கேன்டீன் பருப்பின் வேலை. பானை கைக்கு எட்டியது. ஆனால் அதை வெளியே கொடுக்க வேண்டுமென்றால் நான் வழியைவிட்டு விலக வேண்டும். விலகலாம் என்றால் பெல்ட் சட்டத்தில் மாட்டிக்கொண்டு முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. சதீஷ் ஒரு காலைப் பிடித்து இழுத்தான். பிரேமா இன்னொரு காலை. ஆளுக்கொரு திசையில் இழுத்தார்கள். "ஐயோ, மாப்ளையைப் பிச்சிடாதீங்க" என்று அத்தை ஓடிவருகிற சத்தம் கேட்டது.

"விடுங்க, விடுங்க!" என்று கத்தினேன். விட்டுவிட்டார்கள்.

உள்ளே இருட்டு. டயர் நாற்றம். என் மூக்குக்கு நேரே மஞ்சள் துணி. பானையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன். இத்தனை வருடத்தில் நான் அவரைத் தொட்டதில்லை. காலில் விழுந்திருக்கிறேன், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில்கூட மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு ஓடினேனே தவிர, ஒரு நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்ததில்லை. "மாமா, மன்னிச்சிடுங்க மாமா" என்றேன். அப்போதுதான் எனக்கு அவர் செத்துப்போனதே உறைத்தது. குப்புறக் கிடந்தபடி குழந்தை மாதிரி விம்மி விம்மி அழுதேன்.

"என்னங்க, பானை உடைஞ்சிடுச்சா?" என்று வெளியே இருந்து பிரேமா அலறினாள்.

"இல்ல... நல்லா இருக்காரு" என்றேன்.

டூல் பாக்ஸைத் துழாவினேன். ஸ்க்ரூ டிரைவர் கையில் கிடைத்தது. நான் ராவிய பூட்டு, எங்கே குத்தினால் விடும் என்று எனக்குத் தெரியாதா? தடவித் தடவிப் பல்லைக் கண்டுபிடித்து நெம்பினேன். டிக்கி ஒரே தாவாகத் திறந்துகொண்டது. வெயில் கண்ணைக் குத்தியது. எதிரே ஐயர், ஆட்டோக்காரர், கூட்டமாக நின்ற மீன்காரர்கள், நடுவில் அத்தை. கால் இரண்டும் பின் சீட்டுப் பக்கம் கிடக்க, கிரீஸும் கண்ணீரும் வழிகிற முகத்தோடு, மாமனாரை மார்போடு அணைத்துக்கொண்டு நான் அவர்களை ஏறிட்டுப் பார்த்தேன்.

முதலில் சிரித்தது அத்தை. ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளிலிருந்து சிரிக்காத மனுஷி. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரிப்பு அப்படியே அழுகையாகி, மறுபடி சிரிப்பாகி, பிரேமாவின் தோளில் சாய்ந்துகொண்டார். ஐயர் மட்டும் கடிகாரத்தைப் பார்த்து, "இன்னும் நேரம் இருக்கு, எடுங்கோ, எடுங்கோ" என்று பறந்தார்.

சதீஷ் பானையை வாங்கிக்கொண்டு கடலுக்குள் ஓடினான். ஒன்பது அடிப்பதற்கு முன் கரைத்துவிட்டான். என்னைச் சட்டத்திலிருந்து விடுவிக்க அதற்கப்புறம் ரொம்ப நேரம் ஆயிற்று. ராகு காலத்தில்தான் வெளியே வந்தேன். பிரேமா முந்தானையால் என் முகத்து கிரீஸைத் துடைத்துவிட்டாள்.

வருடா வருடம் திதிக்குச் சொந்தக்காரர்கள் வருகிறார்கள். புதிதாக வந்த மருமகளோ தூரத்து உறவோ, "தாத்தா எப்படிப் போனாரு?" என்று கேட்டுவிடுவார்கள். அந்தக் குழாய்களைப் பற்றி, அந்தக் கண்களைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. அத்தை பேசவே விடமாட்டார். முந்திக்கொண்டு கோவளத்துக் கதையை ஆரம்பித்துவிடுவார். நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் இலைக்கு எதிரே நின்று, என்னைக் கைகாட்டிச் சொல்வார்:

"தனியாப் போக அவருக்கு மனசே இல்ல. மாப்ளையையும் கூட்டிக்கிட்டுப் போகப் பாத்தாரு. இடுப்பு வரைக்கும் உள்ள இழுத்துட்டாரு. நல்லவேளை, காலு எங்க கையில இருந்துச்சு."