பின் அடித்த பாடம்

தன் மகளைப் பிசாசிடமிருந்து காப்பாற்ற ஞானசிகாமணி கையிலெடுத்த ஆயுதம் ஸ்டேப்ளர்.

பாளையங்கோட்டையில் மகள் பெர்சிஸ் படிக்கிற மிஷன் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். எழுந்தார், தொண்டையைச் செருமினார். "பன்னெண்டாம் கிளாஸ் உயிரியல்ல அந்த... அந்த அசிங்கப் பாடம் பொம்பளப் புள்ளைய கண்ணுலயே படப்படாது!" தலைமையாசிரியை 'ஆமென்' போட்டார். மறுநாளே எல்லாப் பெண்பிள்ளைகளின் புத்தகத்திலும் மனித இனப்பெருக்கப் பாடத்தை ஸ்டேப்ளர் பின் அடித்து மூடியாயிற்று. ஆண்டவர் படைத்த உடம்பைப் பார்த்து இப்படி அலறுகிற பக்தியை என்னவென்று சொல்ல? வாயில் நல்லா வருகிறது!

பெர்சிஸுக்கு டாக்டராக வேண்டும். நீட் மாதிரித் தேர்வில் அந்தப் பாடத்துக் கேள்வி பூராவையும் விட்டுவிட்டு வந்து, அழுது கண் வீங்கிக் கிடந்தாள்.

"அந்தப் பின்ன எடுங்க" என்றாள் சாரம்மாள், அவர் மனைவி.

"புள்ளைய சோதனையில தள்ளவா சொல்லுத?"

"அவளுக்கு சீட்டுப் போச்சுன்னா?"

"கர்த்தர் பாத்துக்கிடுவாரு."

"கர்த்தரா வந்து பரீச்ச எழுதுவாரு?"

"ஏட்டி, வாய அடக்கு!"

சாரம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தார் பாருங்கள், அங்கேதான் மனுஷன் கவிழ்ந்தார்.

அந்த வீட்டில் தினமும் சாயங்காலம் குடும்ப ஜெபம். அவர் போட்ட சட்டம்: வேதத்தில் ஒரு வசனத்தையும் தாண்டப்படாது, அர்த்தம் விளங்காவிட்டால் அப்பாவிடம் கேட்கணும். கேட்டால் அவருக்கு அப்படியொரு குஷி. அன்றைக்கு எந்த அதிகாரம் வரும் என்று சாரம்மாள் காலையிலேயே பார்த்து வைத்திருந்தாள். பெர்சிஸ் வாசித்துக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

"அப்பா, விருத்தசேதனம்னா என்ன?"

"அது... ஆம்பளப் புள்ளையளுக்குச் செய்யுத ஒரு உடன்படிக்கை."

"என்ன செய்வாவப்பா?"

"வெட்டுவாவ."

"எத?"

"ஜெபம் பண்ணி முடிப்போமா?"

"கேக்கால்லா, சொல்லுங்க" என்றாள் சாரம்மாள்.

"உடம்புலதான்."

"உடம்புல எங்கனப்பா?"

"எங்கனயோ!"

"டாக்டருக்குப் படிக்கப் போற புள்ளைக்கு எங்கனயோன்னா சொல்லுவாவ?" சாரம்மாள் ஆத்திரத்தோடு எழுந்து ஸ்டேப்ளரை எடுத்துவந்தாள். "பதினேழு வயசாவுது. அவ உடம்பே அவளுக்குத் தெரியாம வளத்து வச்சிருக்கோம், வெக்கமா இல்ல? இந்தாங்க ஸ்டேப்ளர். வேதத்துக்கும் சேத்துப் பின் அடிங்க!"

ஞானசிகாமணிக்கு வேர்வையில் சட்டை தெப்பலாக நனைந்துவிட்டது. "எனக்குச் சொல்ல வாய் கூசுதுட்டி! அவ புஸ்தகத்துலயே பாத்துக்கிடட்டும்!"

சொன்ன பிறகுதான் உறைத்தது. அதற்குள் பெர்சிஸ் உயிரியல் புத்தகத்தைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்துவிட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு முதல் பின்னைப் பிடுங்கினார். விரலில் குத்தி ரத்தம் வந்தது. வாசலில் சளசளவென்று பேச்சுச் சத்தம்.

"யாருட்டி அது?"

"இவ கிளாஸ் புள்ளைய. எல்லாரும் புஸ்தகத்தோட வந்திருக்காவ. பைய பிடுங்குங்க, தாளு கிழிஞ்சிராம."