நீதிபதி ஏன் இஸ்திரி போட்டார்?

அஜ்மான்
21.1.2005

மதிப்புக்குரிய மாமா கல்யாணசுந்தரம் அவர்களுக்கு, மருமகன் கார்மேகம் வணங்கி எழுதிக்கொண்டது. நான் சுகம். உங்கள் மூட்டுவலியும் அத்தையின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

விஷயம் என்னவென்றால், எங்கள் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் நாடகத்தில் நான் நீதிபதியாக நடித்தேன். அதன் சி.டி.யை, என்னோடு நடித்த வாசு லீவில் ஊருக்கு வரும்போது கொண்டுவருகிறான். தெருவே உங்கள் வீட்டில் கூடிப் பார்க்கும். அதில் நீதிபதி இஸ்திரி போடுவார். பார்த்துப் பதற வேண்டாம். ‘ஆபீஸ் மாப்பிள்ளை’ என்று என்னைப் பற்றி நீங்கள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருப்பதற்கு இதனால் எந்தப் பங்கமும் இல்லை.

நடந்தது இதுதான். எனக்கு வசனம் ஒன்பது பக்கம். வாசு தன் வசனத்தைக் கேசட்டில் பேசிப் பதிந்து, டூட்டி பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டே போனான். கூட நடித்த ஜெயபாரதி மேடம் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்து, தோசைமாவு எடுக்கும்போதெல்லாம் படித்தார். எனக்கோ உட்கார்ந்து படித்தால் கொட்டாவிதான் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை என் சட்டையை நானே தேய்க்கும்போது முதல் வரி தானாக மனதில் ஏறியது. ஆபீஸ்காரனும் சட்டை தேய்த்துத்தானே போட வேண்டும். பிறகென்ன, நாற்பது சட்டையில் முதல் காட்சி முடிந்தது. நீளமான வசனத்துக்கு அரபிக்காரர்கள் போடும் கந்தூரா வாகாக இருந்தது; தோளில் தொடங்கினால் கணுக்காலில் முற்றுப்புள்ளி. தீர்ப்புக்கு மட்டும் ஓட்டல் பெட்ஷீட் பதினாறு தேவைப்பட்டது. எல்லாம் ரூமில் இருப்பவர்களுக்குச் செய்த சின்ன உதவி.

ஒத்திகையில் கை சும்மா இருந்தது, வாயும் சும்மா இருந்தது. டைரக்டர் உமாபதி சார் தலையில் அடித்துக்கொண்டார். “யோவ், நேத்து கடைக்கு வந்தப்ப கடகடன்னு ஒப்பிச்சியேய்யா!” என்றார். எந்தக் கடை என்று கேட்காதீர்கள் மாமா. “கையில இஸ்திரிப் பொட்டி இல்லீங்க சார்,” என்றேன். “கலாஸ், விஷயம் முடிஞ்சுது! மேடையிலயே பொட்டியக் குடுங்கப்பா. நம்ம நீதிபதி ரொம்ப சுத்தக்காரரு, கோர்ட்லயே கோட்டத் தேச்சுக்கிட்டுத் தீர்ப்பு சொல்றாரு,” என்று காட்சியையே மாற்றிவிட்டார்.

விழாவன்று ஒரு வரி தப்பவில்லை. காலர், கை, முதுகு என்று கோட்டும் முடிந்தது, தீர்ப்பும் முடிந்தது. பழக்கதோஷத்தில் கோட்டை மடித்து, காலரில் நம்பர் சீட்டும் குத்தி, கூண்டில் நின்ற வாசுவிடமே நீட்டிவிட்டேன். சபை விசிலடித்துக் கொண்டாடியது. ஆகவே அதெல்லாம் டைரக்டரின் கற்பனை என்று கேட்பவர்களிடம் சொல்லிவிடுங்கள். அத்தைக்கு என் வணக்கம், உங்கள் மகள் பானுமதிக்கு என் அன்பு.

தங்கள் சொல் தட்டாத மருமகன்,
கார்மேகம்

பி.கு.: மாமா, ஒட்டிய கவரைத் திரும்பப் பிரித்துவிட்டேன். என்னால் முடியவில்லை. ஆறு வருடமாக லாண்டரியில் இஸ்திரிதான் போடுகிறேன். பெண் தரமாட்டீர்களோ என்ற பயத்தில் ஆபீஸ் என்று பொய் சொன்னேன். மன்னித்துவிடுங்கள். யாரிடமும் எதையும் சமாளிக்க வேண்டாம். பானுமதியை மட்டும் டிவிக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். வசனம் காதில் விழாவிட்டாலும் பரவாயில்லை, என் கையைப் பார்க்கச் சொல்லுங்கள்.