தும்மினால் சாயும் எண்

யாராவது தும்மினால், பக்கத்தில் அச்சாகிக்கொண்டிருக்கும் எண் சாய்ந்துவிடும் என்று நான் மூன்று நாள் மனதார நம்பினேன். அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. சின்ன வயசுப் பிள்ளை, தெரியாமல் செய்துவிட்டான் என்று தப்பிக்கவும் வழியில்லை.

விருத்தாசலத்தில் பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்யும் சிறிய கம்பெனி ஒன்றில் நான் சூப்பர்வைசர். (பழைய மீட்டர் பெட்டியைத் திறந்தால் வெள்ளையாக உட்கார்ந்திருக்குமே, அதுதான்.) எந்த வாரம், எந்தச் சூளையில் வெந்தது என்று ஒவ்வொரு கட்டையிலும் ஓர் எண் இருக்க வேண்டும். பேக்கிங் மேசையில் தங்கம் அக்கா அதை ரப்பர் ஸ்டாம்பால் குத்திக்கொண்டிருந்தார். அப்போதுதான் கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று பெரிய ஆர்டரோடு வந்தது. எண்ணை மெஷினில் அடிக்க வேண்டும், வியாழக்கிழமை ஆள் அனுப்பிப் பார்ப்போம், ஒழுங்காக இருந்தால்தான் ஆர்டர் என்றது.

முதலாளி தயங்கினார். "மெஷின வாங்குங்க சார், நான் பாத்துக்கறேன்" என்று சொன்னது இதே வாய்தான்.

"சொதப்புனா?"

"நான் பொறுப்பு சார்."

"சரி. சொதப்புனா அந்த சூப்பர்வைசர் சேர்ல வேற ஆளு ஒக்காருவான். அப்பறம் என்னைக் கேக்கக் கூடாது."

திங்கட்கிழமை மெஷின் வந்தது. பொருத்த வந்த சென்னை இன்ஜினியர் மூடியைத் திறந்து காட்டினார். "மை உள்ளேயிருந்து நூல் மாதிரி வருது சார். அதைச் சத்த அலையால அதிர வைக்கிறோம். அப்பதான் நூல் அறுந்து எல்லாத் துளியும் ஒரே அளவா வரும். அந்தத் துளிங்க பறந்துபோயி கட்டைமேல எழுத்தா உக்காரும். துளி பெருசு சிறுசா வந்தா எழுத்து கெட்டுடும்."

அடுத்து அவர் ஏதோ ஓர் எச்சரிக்கை சொன்னார். அந்த நேரம் பார்த்து என் மனைவி போனில் வந்தாள். "ஏங்க, பழைய பேப்பர்காரரு வந்திருக்காரு, போட்டுடட்டுமா?" நான் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே தலையை ஆட்டினேன்.

அவர் இருந்தவரை எண்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நேராக நின்றன. அவர் பஸ் ஏறியதும் எனக்கு மெஷின்மேல் பாசம் பொங்கிவிட்டது. பங்குனி வெயில், பாவம், சூடாகிவிடுமே. வீட்டுக்குப் போய் டேபிள் ஃபேனைத் தூக்கிவந்தேன். (சீலிங் ஃபேன் ரிப்பேர். வீட்டில் இருந்த ஒரே காற்று அதுதான்.) எங்கள் கம்பெனியில் ஃபேன் விஷயத்தில் நான் ரொம்பக் கண்டிப்பு. சுடாத பச்சைக் கட்டைமேல் காற்று அடித்தால் ஒரு பக்கம் மட்டும் காய்ந்து விரிசல் விடும். காயவைக்கும் கொட்டகைச் சுவரில் 'இங்கே ஃபேன் போடாதே' என்று எழுதி வைத்தவனே நான்தான். ஆனால் பேக்கிங் அறையில் இருப்பதெல்லாம் வெந்த கட்டை. வெந்ததைக் காற்று என்ன செய்துவிடும்? ஃபேன் சத்தமே இல்லாமல் இடமும் வலமும் தலையைத் திருப்பி எல்லாரையும் நலம் விசாரித்துக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் முதல் பத்துக் கட்டை அருமையாக வந்தன. பதினோராவதில் எட்டு என்ற எண் வயிற்றுவலிக்காரன் மாதிரி ஒரு பக்கமாகக் குனிந்து நின்றது. அந்த நொடியில்தான் தங்கம் அக்கா யாரோ சொன்னதைக் கேட்டுப் பலமாகச் சிரித்தார்.

சத்தம். எனக்குப் புரிந்துவிட்டது. மெஷினுக்குள் ஒரு சத்தம், வெளியில் இன்னொரு சத்தம், இரண்டும் முட்டினால் துளி என்ன ஆகும்?

"அக்கா, இன்னொரு தடவ சிரிங்க."

"சும்மா எப்பிடி தம்பி சிரிக்கறது? எதுனா சொல்லு."

"இந்த எண்ணு ஒழுங்கா விழலன்னா எனக்கு வேலை போயிடும்."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். எண் சாய்ந்தது. எனக்கு வேறு ஆதாரம் எதற்கு?

அன்று மதியத்திலிருந்து பேக்கிங் அறையில் பேச்சு கிடையாது. எல்லாம் சைகைதான். செல்போன்களைப் பிடுங்கி மூட்டை கட்டினேன். பக்கத்துக் கொட்டகையில் மண் அரைக்கும் மில்லை நிறுத்தச் சொன்னேன். அதை ஓட்டும் ஆறுமுகம், "நீ எழுத்து அடிக்கறதுக்கு நான் என்னாத்துக்கு வாயப் பொத்தணும்?" என்று முறைத்துக்கொண்டே நிறுத்தினான்.

புதன்கிழமை வாசலில் பெண்ணாடம் மில்லுக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று, ஊரே அதிரப் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தது. நான் நடுரோட்டில் போய்க் கையெடுத்துக் கும்பிட்டு நின்றேன்.

"பாட்டை நிறுத்துங்க தம்பி. உள்ள துளி கலையுது."

டிரைவர் என்னை மேலும் கீழும் பார்த்தான். "யாருண்ணே அது துளி? ஒடம்பு சரியில்லியா?"

விளக்க நேரமில்லை. ஆமாம் என்றேன். அவன் மரியாதையாகப் பாட்டை அணைத்துவிட்டுப் போனான்.

இவ்வளவு செய்தும் ஆறேழு கட்டைக்கு ஒன்று சாய்ந்துகொண்டுதான் இருந்தது. செருப்பைக் கழற்றினேன். மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டேன். அதனால் வயிறு உறுமியது, அப்போதும் ஒன்று சாய்ந்தது, உடனே ஓடிப்போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். கடைசியில் என் நெஞ்சு அடித்துக்கொள்வதுதான் காரணம் என்ற முடிவுக்கு வந்து, மெஷினை விட்டுப் பத்தடி தள்ளி நின்று மூச்சைப் பிடித்தபடி வேலை பார்த்தேன். அந்த நாற்காலியில் வேறொருவன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பது கண்ணை மூடினாலும் தெரிந்தது, திறந்தாலும் தெரிந்தது.

வியாழக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து ஒரு மேடம் வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். மில் ஓடவில்லை, யாரும் பேசவில்லை, நான் வெறுங்காலோடு கண்கலங்கி நிற்கிறேன். "யாராச்சும் தவறிட்டாங்களாங்க?" என்று மெதுவாகக் கேட்டார். இல்லை என்று சைகை காட்டினேன்.

மெஷின் ஓடியது. ஆறு கட்டை நேர். ஏழாவது சாய்ந்தது. மேடம் அதை எடுத்துத் தனியாக வைத்தார். என் வேலையை எடுத்துத் தனியாக வைத்த மாதிரி இருந்தது.

அப்போது கரண்ட் போனது. மெஷினுக்கும் கட்டைகளை நகர்த்தும் பெல்ட்டுக்கும் தனி யு.பி.எஸ். இருந்ததால் அவை மட்டும் ஓடின. சூளைக்குக் காற்று ஊதும் புளோயர் நிற்கக் கூடாது என்று, சுவருக்கு அந்தப் பக்கம் ஜெனரேட்டரைப் போட்டுவிட்டார்கள். சன்னல் கண்ணாடியெல்லாம் நடுங்கியது. நான் வெளியே ஓடினேன். "அணைங்க, அணைங்க" என்று சூளைக்காரர் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். "சூளை போனா நீ வந்து ஊதுவியா?" என்று கேட்டுவிட்டு அவர் திரும்பிக்கொண்டார்.

தலை தொங்கியபடி உள்ளே வந்தேன். தங்கம் அக்கா பெல்ட்டைக் காட்டினார். இருபது கட்டை வரிசையாக வந்திருந்தன. இருபதிலும் எண்கள் நேராக நின்றன. அந்த இரைச்சலில் ஒன்றுகூட அசையவில்லை.

கரண்ட் வந்தது. ஜெனரேட்டர் ஓய்ந்தது. அறை அமைதியானது. ஃபேன் மெல்ல உயிர்பெற்றுத் தலையைத் திருப்பியது. அது மெஷின் பக்கம் வந்த நேரத்தில் அச்சான கட்டையில் எட்டு மறுபடி வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

மேடம் போய் ஃபேனை அணைத்தார். "இதை இங்க யாருங்க வெச்சது?"

தங்கம் அக்கா வாயே திறக்கவில்லை. நான் போட்ட சட்டப்படி, விரலை மட்டும் என் பக்கம் நீட்டினார்.

"துளியை வெட்டற சத்தம் மெஷினுக்குள்ளயே இருக்குதுங்க. நம்ம காதுக்கே கேக்காது. நீங்க பக்கத்துல மேளமே அடிச்சாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது. துளி பறக்கற எடத்துல காத்துதான் அடிக்கக் கூடாது. மெஷின் குடுத்தவங்க சொல்லலீங்களா?"

"சொல்லியிருப்பாங்க மேடம்" என்றேன். "நான் பேப்பர் போட்டுக்கிட்டு இருந்தேன்."

மறுநாள் கொட்டகைச் சுவரில் என் எழுத்துக்குக் கீழே யாரோ 'அங்கேயும் போடாதே' என்று எழுதி, பேக்கிங் அறைக்கு அம்புக்குறி போட்டிருந்தார்கள். அந்த டிராக்டர்காரன் இன்றும் எங்கள் வாசலில் பாட்டைக் குறைத்து, "துளிக்கு இப்ப எப்பிடிண்ணே இருக்குது?" என்று விசாரிக்கிறான். ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட நான் பேனாவை எடுத்தால், என் மகள் ஓடிப்போய் ஃபேனை அணைக்கிறாள். "அப்பா எழுத்து சாஞ்சுடும்மா" என்கிறாள். அவள் அம்மா சமையலறையிலிருந்தே சிரிக்கிறாள்.

ஆர்டர் கிடைத்தது, நாற்காலியும் தப்பியது. சத்தத்தால் ஓர் எண்கூடச் சாயவில்லை. சாய்த்தது எங்கள் வீட்டு ஃபேன். அதைக் கொண்டுபோய் வைத்தவன் நான். அது இல்லாமல் அந்த மூன்று நாளும் பங்குனி வெயிலில் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தவர்கள் என் மனைவியும் மகளும்.