இலுப்பெண்ணெயும் அதிபரின் தலையும்

படித்து முடித்த முதல் வருடத்தில் ஒருவனுக்கு இருக்கும் அறிவு, பிறகு வாழ்நாளில் ஒருபோதும் இருப்பதில்லை. எழுபதுகளின் கடைசியில் வன்னியில் துணுக்காய்ப் பக்கம் மருந்தாளராகப் போனபோது, எனக்கு அது கழுத்துவரை இருந்தது.

களிம்பு செய்யும் மெழுகு கொழும்பிலிருந்து வருவது நின்றிருந்தது. ஊரெல்லாம் இலுப்பை மரம். அதன் பழக்கொட்டையில் பிழிந்த எண்ணெய் மார்கழிக் குளிரில் வெண்ணெய்போல் உறைந்து நின்றது. போதாதா? கந்தகத்தைக் குழைத்துக் களிம்பாக்கினேன். ஒரு கிழமை என் கையிலேயே பூசிப் பார்த்தேன். எரியவில்லை, தடிக்கவில்லை. சோதனை வெற்றி என்று அறிவித்தேன். (அறிவித்தவரும் கைதட்டியவரும் ஒருவரே.)

அடுத்து ஒரு நோயாளி வேண்டும். பாடசாலை அதிபர் சோமசேகரத்தின் வழுக்கைத் தலையில் தீராத சொறி. அவருடைய மகள் விமலாவை எனக்குக் கேட்டு அம்மா ஆளனுப்பியிருந்தார், பதில் வரவில்லை. இதைவிடப் பொருத்தமான நோயாளி எங்கே கிடைப்பார்?

“தம்பி, உது சொறிக்கடியை நிப்பாட்டுமோ?”

“ஓம் சேர், சோதிச்சுப் பாத்தனான். நல்லாத் தடிப்பாப் பூசுங்கோ.”

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் விழுங்கியிருக்கலாம்.

அவர் பூசிக்கொண்டு போனது மாசி மாத விளையாட்டுப் போட்டிக்கு. உச்சி வெயிலில், வெள்ளைச் சட்டையோடு, தலைமையுரைக்கு எழுந்தார். (வன்னியில் வெயிலும் அடிக்கும் என்பது என் சோதனையில் சேரவில்லை.) “ஒழுக்கமே உயர்வு” என்று தொடங்கும்போதே முதல் மஞ்சள் கோடு நெற்றியில் ஒழுகியது. பிறகு இரண்டு காதோரமும். பிள்ளையார் கோயில் விளக்கில் எரிக்கும் எண்ணெய் அல்லவா, அந்த மணத்துக்கு முன்வரிசையில் ஒருவர் பழக்கதோஷத்தில் கும்பிட்டே விட்டார்.

“ஐயோ, கண் எரியுது!” என்று ஒலிபெருக்கி அலறியது.

நான் நழுவப் பார்த்தேன். விமலா தண்ணீர் வாளியோடு வழிமறித்தாள்.

“நீங்கள்தானே மருந்து குடுத்தது? வந்து அப்பாவின்ரை தலையைக் கழுவுங்கோ.”

முழுப் பாடசாலையும் பார்த்திருக்க, வருங்கால மாமனாரின் தலையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். அவள் தண்ணீர் ஊற்றினாள். சிரிப்பை அடக்க முடியாமல் பாதியை என் தலையில் ஊற்றினாள். மறுகிழமை சம்மதம் வந்தது. இப்படி ஒருவனை வீட்டிலேயே வைத்துக் கண்காணிப்பது ஊருக்கு நல்லது என்று அவள் சொன்னாளாம்.

அதிசயம், சொறியும் மாறிவிட்டது. ஆனால் மாமா கடைசிவரை என் களிம்பை ஒப்புக்கொள்ளவில்லை. “பிள்ளையாரின்ரை எண்ணெயை இவர் என்ரை தலைக்குப் பூசத் தந்தவர். பிள்ளையார்தான் பாத்துச் சுகமாக்கினவர்” என்பார்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் பிள்ளைகள் தங்களுக்குள் குசுகுசுப்பார்கள்: “அப்பாட்டைச் சொல்லாதேங்கோ. முதல் பிள்ளையாரிட்டைச் சொல்லுவம்.”