ஆறிய பின் வழங்குக

சூரியன் தினமும் உதிக்கிறது என்பதை எந்த அலுவலகமும் இதுவரை மறுக்கவில்லை. ஆகையால் தையல்கார அக்கா தன் மாடியில் ஆறு சோலார் தகடுகள் பொருத்தியபோது, யாரிடமாவது கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அவள் வீடு தெருவின் கடைக்கோடியில் இருந்தது. மின்கம்பி மூன்று வீடு முன்னாலேயே களைத்துப்போய் நின்றுவிட்டது. பதினாலு வருஷம் மனுப் போட்டுப் பார்த்தாள். அப்புறம் மின்துறையை அதன் போக்கில் விட்டுவிட்டு வெயிலை நம்பினாள்.

வெயில் ஏமாற்றவில்லை. இரண்டு தையல் மிஷின், ஃபேன், விளக்கு எல்லாம் ஓடியும் பதினோரு மணிக்கே பேட்டரி நிறைந்துவிடும். அதன் பிறகு தகடுகள் சும்மா வெயில் காயும். சும்மா கிடப்பதைக் கண்டால் அக்காவுக்குக் கை அரிக்கும்; வெட்டிப் போட்ட துண்டுத் துணியில் தலையணை உறை தைக்கிறவள். எலெக்ட்ரீஷியனான தம்பியைக் கூப்பிட்டாள். அவன் ஒரு பெரிய தொட்டியில் ஹீட்டரைப் பொருத்தி, பேட்டரி நிறைந்ததும் மின்சாரம் தானாகத் தொட்டிக்குப் போகும்படி செய்துகொடுத்தான்.

இரண்டு மணிக்குள் கை வைக்க முடியாத சூட்டில் நூறு லிட்டர் தண்ணீர். முழங்கால் வலிக்காரர்கள் பாத்திரத்தோடு வந்தார்கள். அடுத்த வீட்டில் சின்னப் பிரசவ விடுதி நடத்தும் நர்ஸ், வாளி வாளியாக வாங்கிப் போனார். தெருவே சௌகரியமாக இருந்தது. இவ்வளவு சௌகரியம் துறையின் கண்ணில் படாமல் இருக்குமா?

மின்துறை ஆய்வாளர் வந்தார்.

"உபரி மின்சாரம் வச்சிருக்கீங்களாமே?"

"வச்சுக்கலை சார். தண்ணியச் சுட வச்சுடறேன்."

"உபரின்னா அது துறைக்குச் சொந்தம்."

"துறை இந்த வீட்டுக்குக் கம்பியே இழுக்கலையே."

"அது வேற பிரிவும்மா."

"அப்ப கையோட எடுத்துட்டுப் போங்க" என்று அக்கா ஆவி பறக்கும் வாளியை நீட்டினாள்.

ஆய்வாளர் இரண்டடி பின்வாங்கினார். "இது தண்ணி. எங்க துறை இல்ல."

மறுநாள் நீர்த்துறை ஆய்வாளர் வந்து விரலை விட்டுப் பார்த்து, உதறிக்கொண்டார். "தண்ணி எங்களோடதுதான். ஆனா சூடு அவங்களோடது."

இரண்டு துறைகளும் மூன்று முறை கூடி ஆழ்ந்து ஆலோசித்தன. முடிவில் கூட்டு ஆணை பிறந்தது: "மேற்படி நீரைப் பொதுமக்களுக்கு வழங்கலாம். அதிலுள்ள வெப்பத்தை வழங்கலாகாது. எனவே, ஆறிய பின் வழங்குக."

மின்துறை ஆய்வாளர் கொண்டுவந்து கொடுத்ததை அக்கா இரண்டு தடவை படித்தாள். "ஆற வைக்கிறதுக்கு எதுக்கு சார் சுட வைக்கணும்?"

"சுட வைக்கலைன்னா உபரி மின்சாரம் வீணாப் போயிடும்மா. வீணாக்குறதுக்கு அரசு எதிரி."

அக்கா தொட்டித் தண்ணீரை அண்டாக்களில் பிடித்து ஆற வைத்தாள். தினமும் நாலு மணிக்கு அதே ஆய்வாளர் தெர்மாமீட்டரோடு வந்து அண்டாக்களைச் சோதித்து, 'ஆறியது' என்று முத்திரை குத்தினார். முதல் வாரம் அக்காவுக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில் இன்னொரு தொட்டியே சுட வைத்திருக்கலாம்.

இரண்டாம் வாரம்தான் விஷயம் மாறியது. உடற்பயிற்சிக்கூடக்காரர் ஒருவர் இந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு, தோல் மினுமினுப்பாகிறது என்று ஊரெல்லாம் சொன்னார். சூரியன் சூடாக்கி அரசாங்கம் ஆறவைத்த தண்ணீர் வேறெங்கே கிடைக்கும்? கார்கள் வந்தன. வரிசை தெருமுனை தாண்டியது. முழங்கால் வலிக்காரர்களும் முத்திரைத் தண்ணீரை வாங்கிப்போய், வீட்டில் துறையின் மின்சாரத்தில் மறுபடி சுட வைத்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டார்கள். மின் பயன்பாடு கூடியதைத் திட்டத்தின் வெற்றி என்று துறை அறிவித்து, அக்காவுக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தது. பதினாலு வருஷமாகத் திரும்பிப் பாராதவர்கள் முதல் வரிசையில் நாற்காலி போட்டார்கள். அவளுக்கு மனசு இளகிவிட்டது. அன்றிலிருந்து அவள் பேச்சில் 'மேற்படி' என்ற சொல் ஒட்டிக்கொண்டது.

ஒருநாள் இரண்டரை மணிக்கு நர்ஸ் இரண்டு வாளிகளோடு ஓடிவந்தார்.

"அக்கா, அடுப்புல கேஸ் தீர்ந்துபோச்சு. உள்ள ஒரு பொண்ணுக்குப் பிரசவம் நெருங்கிடுச்சு. ரெண்டு வாளி சுடுதண்ணி குடுங்க."

தொட்டியில் ஆவி பறந்துகொண்டிருந்தது. அக்காவின் கை குழாய் வரை போனது. கடிகாரத்தைப் பார்த்தாள், வரிசையைப் பார்த்தாள். கை திரும்பி வந்தது.

"மேற்படி தண்ணி இன்னும் ஆறலையே சிஸ்டர். நாலு மணிக்கு ஆபீசர் வந்துடுவார்."

"குழந்தை நாலு மணி வரைக்கும் பொறுக்காதுக்கா."

வரிசையில் முதல் ஆளாக நின்றிருந்த முழங்கால் வலிக்காரர் நிதானமாகச் சொன்னார்: "பிறந்ததும் அதுவும் சான்றிதழுக்கு நிக்கத்தானே போகுது. இப்பவே பழகட்டும்."

யாரும் சிரிக்கவில்லை, அவரும் வேடிக்கையாகச் சொல்லவில்லை. பின்னால் இருந்தவர்கள் நியாயம்தான் என்று தலையாட்டி, நர்ஸுக்கு வரிசையின் கடைசியைக் காட்டினார்கள்.