‘சம்பந்தம் இல்லை’ என்று வந்த செய்தி பற்றிச் சம்பந்திக்கு

ஆரணி,
வெள்ளிக்கிழமை காலை.

மதிப்பும் மரியாதையும் மிகுந்த சம்பந்தி, வந்தவாசி கோரைப்பாய்க் கடை திரு. துரைக்கண்ணு அவர்களுக்கு, ஆரணி கமலக்கண்ணன் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி அபிதகுசாம்பாளும் தறியும் சுகம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாளும், எங்கள் வீட்டுக்கு மருமகளாக வரப்போகும் சுகன்யாவும் சுகமாக இருக்க வேண்டுமென்று எல்லாத் தெய்வத்தையும் வேண்டிக்கொள்கிறேன். ‘வரப்போகும்’ என்று துணிந்து எழுதிவிட்டேன். தாங்கள் கோபத்தில் அதை அடித்துவிடாமல் மேலே படிக்க வேண்டும்.

நேற்றிலிருந்து தாங்கள் என் போனை எடுக்கவில்லை. என் மகன் முருகேசன் கூப்பிட்டதற்கும் சுகன்யா, “பெரியவங்க பேசி முடிக்கட்டும்” என்று ஒரே வரியில் வைத்துவிட்டாளாம். அவன் வேலை பார்க்கும் ஒரகடத்தில் சோறு இறங்காமல் கிடக்கிறான். நேரில் ஓடி வரலாமென்றால், தறியை விட்டு நான் எழுந்தால் முகூர்த்தத்துக்குள் புடவை முடியாது. ஆகவேதான் கடிதம். போனால் வந்த வம்பைப் போனாலேயே தீர்க்க எனக்குத் தைரியம் இல்லை.

முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது வழக்கம். நாங்கள் எடுக்கவில்லை, நெய்கிறோம். இத்தனை வருஷம் யார் யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ நெய்து மடித்துக் கொடுத்திருக்கிறேன். கட்டிக்கொண்ட பெண்கள் கறுப்பா சிவப்பா என்றுகூடத் தெரியாது. முகம் தெரிந்த ஒரு பெண்ணுக்கு நெய்வது இதுதான் முதல் தடவை. அதனால்தானோ என்னவோ, கை ஒரு பக்கம் ஓட, மனசு ஒரு பக்கம் போய்விடுகிறது. நிறம் மயில் கழுத்து. நீளவாக்கில் போகிற பாவு நூல் நீலம், குறுக்கே ஓடுகிற ஊடை நூல் பச்சை. இப்படிச் சாய்த்தால் நீலம், அப்படிச் சாய்த்தால் பச்சை. காலையில் தூசித் துணியை விலக்கிப் பார்த்தால் ஒரு நிறம், மத்தியானம் ஒரு நிறம், சாயங்காலம் விளக்குப் போடுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நிறம் வரும், அதற்கு எங்கள் தெருவிலேயே பெயர் கிடையாது. அந்த நேரத்தில் சுகன்யா மண்டபத்தில் திரும்பி நடந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டே நான் உட்கார்ந்திருப்பேன். அபிதகுசாம்பாள் வந்து, “இன்னாங்க, தறி ஓடுதா, நீங்க ஓடுறீங்களா?” என்பாள்.

இனி போன் சமாசாரத்துக்கு வருகிறேன். முதலில் என்னிடம் இருந்தது ஆண்ட்ராய்டு. அதில் தறியைப் படமெடுத்துத் தங்களுக்கு அனுப்பினேன். சுகன்யா, “மாமா, இந்தப் பச்சை சூப்பரா இருக்கு, இதையே முடிச்சிடுங்க” என்று பதில் போட்டாள். மயில் கழுத்து அன்றைக்குப் பச்சைப் பக்கம் காட்டியிருக்கிறது போலும் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அடுத்த வாரம் முருகேசன் வந்து, தன்னுடைய பழைய ஐபோனை என் கையில் கொடுத்து, “இனிமே இத வச்சிக்கப்பா, போட்டோல ஜரிகை ஒவ்வொரு இழையா தெரியும்” என்று சொல்லி, என் ஆண்ட்ராய்டைச் சுத்தமாக அழித்து எடுத்துக்கொண்டு போய்விட்டான். பெயர்கள், நம்பர்கள் எல்லாம் புதியதற்கு வந்துவிட்டன. வாட்ஸப்பில் நாம் பேசிக்கொண்டது மட்டும் வரவில்லை. அதை மாற்ற அவனுக்கும் பொறுமை இல்லை. அந்தப் பச்சைப் படமும் அதோடு போயிற்று.

இரண்டு போனையும் மனசுக்குள் ஒப்பிட்டுக்கொண்டேதான் இப்போதெல்லாம் நெய்கிறேன். பழையது கலகலப்பான ஆள். இரண்டு சிம் போடலாம், யார் வீட்டு சார்ஜரும் சேரும், நாள் முழுக்கப் பாட்டு கேட்டாலும் தாங்கும். கீழே ஒரு முக்கோணம் இருக்கும், தொட்டால் வந்த வழியே திரும்பிவிடலாம். புதியது பேச்சுக் குறைவு. முக்கோணம் கிடையாது, ஓரத்திலிருந்து தடவித்தான் திரும்ப வேண்டும். ஆனால் படத்தில் பொய் இல்லை. அதுவாகவே என் படங்களைக் கோத்து, வயலின் போட்டு, ‘நினைவுகள்’ என்று காட்டுகிறது. அதில் இருப்பதோ ஒரு வாரத்துப் படம், எல்லாம் இதே தறி. இருந்தும் வயலின் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அபிதகுசாம்பாள் இந்நேரத்துக்குக் காபி கொண்டு வந்திருக்க வேண்டும், காணோம். அடுக்களையில் வேலையாக இருப்பாள் போலிருக்கிறது. எங்கே விட்டேன்? புதிய போனில் எடுத்த படத்தைப் புதன்கிழமை உங்களுக்கு அனுப்பினேன் அல்லவா, அது நீலமாக வந்துவிட்டது. பழைய போன் கல்யாண வீட்டு போட்டோகிராபர் மாதிரி, எல்லாரையும் ஒரு படி அழகாக்கிவிடும். அதுதான் பச்சையைத் தூக்கிக் காட்டியிருக்கிறது. புதியது உள்ளதைச் சொல்லிவிட்டது. இது என் முடிவு.

நீங்கள், “அன்னைக்குப் பச்சை, இன்னைக்கு நீலம். பொண்ணு கேட்டது ஒண்ணு, நீங்க நெய்யறது ஒண்ணா? இன்னா சம்பந்தி இது?” என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ‘போன் காட்டுகிற நிறத்துக்கும் புடவைக்கும் சம்பந்தம் இல்லை’ என்று பதில் எழுத உட்கார்ந்தேன். பழைய போனில் என் விரலுக்கு எழுத்தெல்லாம் இருக்கும் இடம் தெரியும். புதியதில் ‘ப’ இருந்த இடத்தில் வேறு என்னவோ இருக்கிறது. எழுதிப் பார்த்தால் முன்பாதியெல்லாம் பிழை. சம்பந்தி வீட்டுக்குப் பிழையோடு அனுப்பலாமா என்று, திருத்தி எழுத அந்த முன்பாதியை அழித்துக்கொண்டே வந்தேன். அந்த நேரம் பார்த்து ஜன்னல் வழியே வெயில் தறியில் விழுந்தது, நான் ஒரு நொடி அந்தப் பக்கம் பார்த்துவிட்டேன், விரல் பட்டுச் செய்தி போய்விட்டது. பார்த்தால், மிச்சம் நின்றது கடைசி இரண்டு வார்த்தை. ‘சம்பந்தம் இல்லை.’ ஐயோ, முக்கோணம் எங்கே என்று தேடுவதற்குள் சார்ஜ் தீர்ந்து போன் அணைந்துவிட்டது. தெருவில் வீடு வீடாகப் போனேன். அத்தனை சார்ஜரும் ஆண்ட்ராய்டு முனை. முருகேசன் கொடுத்த ஒயரை அபிதகுசாம்பாள் பத்திரமாக பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தாள், சாவியோ அவள் இடுப்பில், அவளோ கோயிலில். போன் உயிர் பெற்றபோது உங்கள் பதில் காத்திருந்தது: ‘சரிங்க. அப்படியே இருக்கட்டும்.’

சம்பந்தி, எனக்குப் பயமாக இருக்கிறது. புடவை போனால் இன்னொன்று நெய்துகொள்ளலாம். முருகேசனுக்கு வேறு யாரும் வேண்டாமாம். எனக்கும் வேண்டாம். இத்துடன் நீலப் பாவு நூலும் பச்சை ஊடை நூலும் வைத்திருக்கிறேன். சுகன்யா இரண்டையும் சேர்த்து விரலில் முறுக்கி ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்க்கட்டும். அது எந்தப் போனிலும் வராது. பச்சைதான் வேண்டுமென்று அவள் சொன்னால், இந்தப் பாவை அப்படியே இறக்கிவிட்டுப் பச்சைப் பாவு ஏற்றுகிறேன், தூங்காமல் நெய்கிறேன்.

தங்களுக்கும் சம்பந்தியம்மாளுக்கும் எங்கள் வணக்கங்கள். சுகன்யா எந்த நிறம் கட்டினாலும் மஞ்சள் குங்குமத்தோடு நீண்ட நாள் நிறைவாக வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
இன்னமும் தங்கள் சம்பந்தி என்றே கையெழுத்திட ஆசைப்படும்
கமலக்கண்ணன்

பி.கு.: உறையில் ஸ்டாம்ப் ஒட்டி முடிக்கும்போது தங்கள் நம்பரிலிருந்தே போன் வந்தது. எழுந்து நின்று எடுத்தேன். பேசியது அபிதகுசாம்பாள். “நான் வந்தவாசில சம்பந்தி வூட்ல ஒக்காந்துகினு கீறேன்” என்றாள். அடுக்களையை எட்டிப் பார்த்தேன், யாருமில்லை. “காலைல உங்ககிட்ட சொல்லிட்டுத்தான பஸ் ஏறினேன், நீங்ககூட தலைய ஆட்னீங்களே. சரி, அத வுடுங்க. நீங்க அனுப்பிச்ச மொத போட்டோவ இப்பதான் பார்த்தேன். அதுல புடவை எங்க கீது? தூசி படக்கூடாதுனு தறிமேல போட்டு வச்ச உங்க பச்சை லுங்கிதான் கீது. மூடினதை வெலக்காமயே எடுத்துக்கினு, போன் மேல பழி போட்டுகினு கீறீங்க.” பிறகு சுகன்யா வாங்கினாள். “மாமா, அப்போ நான் சூப்பர்னு சொன்னது உங்க லுங்கியையா?” என்று சிரித்தாள். சிரித்து முடித்து, “நீலமும் பச்சையுமா நீங்க நெய்யறதையே கட்டிக்கிறேன். ஆனா அந்த ரெண்டு வார்த்தையப் பாத்துட்டு நேத்து நான் சாப்பிடவே இல்ல மாமா” என்றாள். பின்னாலிருந்து, “அந்த லுங்கியையும் சீர்ல சேத்துக்கச் சொல்லும்மா” என்று தங்கள் குரல் கேட்டது. துவைத்துப் போட்டிருக்கிறேன். ஸ்டாம்ப் ஒட்டிவிட்டதால் கடிதத்தையும் அனுப்பிவிடுகிறேன். மேலே எழுதியதற்கும் நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை. சம்பந்தம் நமக்குத்தான்.